செகூவின் இளவட்டங்கள்

லசினே: காரை எங்கடா நிறுத்தினே ஜுமானா?

ஜுமானா: மசூதிக்குப் பின்னால.

லசினே: அரிசிக் கடை?

ஜுமானா: பூட்டியாச்சு. பேர்ப்பலகையையும் உள்ள தூக்கிப் போட்டுட்டேன். நீ முதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு. ஹெட்மாஸ்டர் களை சொட்டுது.

லசினே: கழட்டினா டீ கிளாஸ் எங்க இருக்குன்னே தெரியாதுடா.

ஜுமானா: தடவிக் கண்டுபிடி. வேலவெட்டி இல்லாதவனுக்கு எதுக்குக் கண்ணாடி?

லசினே: ஓட்டை பனியனோட நடுத்தெருவுல... எங்க ஸ்கூல் பசங்க போற வழிடா இது.

ஜுமானா: பார்த்துட்டா?

லசினே: பார்த்தாலும் சலாம் வெக்காதீங்கன்னு காலையில கொடியேத்தறப்பவே சொல்லிட்டேன்.

ஜுமானா: நல்ல வாத்தியார்.

லசினே: எல்லாம் உன்னால. அந்த சொக்னாம்மா செனகல் நாட்டு டாக்கர்லேர்ந்து ரெண்டாவது தடவ வந்தப்பவே சொல்லியிருக்கணும். எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, நாங்க இனிமே இளவட்டம் இல்ல, வேற ஜமாவப் பாருங்கன்னு.

ஜுமானா: எப்படிச் சொல்றது? 'வேலையும் இல்லாம, கல்யாணத்துக்கு வழியும் இல்லாம, டீயக் குடிச்சுக்கிட்டுக் காத்திருக்கிற மாலி நாட்டு செகூ ஊர் இளைஞர்கள்'னு ஆராய்ச்சிய ஆரம்பிச்சுட்டு வந்து நிக்குது. நம்மள நம்பித்தான் அதுக்கு டாக்டர் பட்டமே. நீதானே 'பாவம், பொண்ணு பொழச்சுப் போகட்டும்'னே?

லசினே: ஒரு தடவைக்குன்னு சொன்னேன். தலை நரைக்கிற வரைக்கும்னு சொன்னேனா?

ஜுமானா: இன்னிக்கு உடைச்சிடப் போறேன்.

லசினே: எதை?

ஜுமானா: எல்லாத்தையும். ஞாயித்துக்கிழம என் பொண்ணு கல்யாணம். 'எனக்கு யார் பேரை வெச்சீங்களோ அவங்க வந்து கையப் பிடிச்சு அனுப்பணும். இல்லாட்டி வாசல் தாண்ட மாட்டேன்'னு ஒரே பிடிவாதம்.

லசினே: உனக்கு வேற பேரே கிடைக்கலயா?

ஜுமானா: அப்போ பெருமையா இருந்துதுடா. நம்ம கூட உட்கார்ந்து டீ குடிக்கிற ஒருத்தி புரொபசர் ஆகப் போறாளேன்னு...

லசினே: நீ வாயத் தொறந்தா அது எழுதினதெல்லாம் பொய்யாயிடும். டாக்கர் காலேஜ்ல அதோட வேல போயிடும். தெரியும்ல?

ஜுமானா: தொறக்கலன்னா என் பொண்ணு கல்யாணம்...

லசினே: ஷ்ஷ்! வருது, வருது. வயித்த உள்ள இழு.

சொக்னா: என்னடா இளவட்டங்களா! எந்திரிச்சு நிக்க மாட்டீங்களா?

ஜுமானா: மனசிருக்கு, முட்டி விடல... அதாவது, சோம்பல். வேலயில்லாத சோம்பல். வாங்க, காராமணி தின்னி!

சொக்னா: நான் தின்ன சட்டிய வழிச்சு நக்கினவன்டா நீ.

லசினே: வந்ததும் வராததுமாவா?

சொக்னா: அவன் ஜாரா வம்சம், நான் ஜோப் வம்சம். ரெண்டு குடும்பமும் கேலிமுறை. திட்டிக்கலன்னாதான் மரியாதை இல்ல. லசினே, டீய ஏன்டா மண்ணுல ஊத்தறே?

லசினே: கண்ணு மங்குது அக்கா... பசி.

சொக்னா: பாவம். சரி, வேலையப் பார்ப்போம். ஜுமானா, உத்தியோகம்?

ஜுமானா: தேடிட்டிருக்கேன்.

சொக்னா: கல்யாணம்?

ஜுமானா: எங்க... வழியில்ல.

சொக்னா: வயசு?

ஜுமானா: இளைஞன். கல்யாணம் ஆகாத வரைக்கும் இங்க எவனும் இளவட்டம்தான்னு நீங்கதானே எழுதினீங்க?

சொக்னா: எழுதினேன். லசினே, உனக்கு?

லசினே: எனக்கும் அதேதான். அவனப் பார்த்து எழுதிக்குங்க.

சொக்னா: ஜுமானா, போன் அடிக்குது பாரு.

ஜுமானா: ஹலோ... ஆமா... ரெண்டு மாடு பத்தாது, மூணா அறுத்துடு. வெங்காயம் நாளைக்கு வரும்... சரி, வை.

சொக்னா: யாரு?

ஜுமானா: தப்பான நம்பர்.

சொக்னா: தப்பான நம்பருக்கா மூணு மாடு அறுக்கச் சொன்னே?

ஜுமானா: ஆசையாக் கேக்கறான்... மனசு நோகக் கூடாதில்ல.

சொக்னா: முகம் ஏன்டா இப்படித் தொங்கிக் கெடக்கு?

ஜுமானா: ஒண்ணு சொல்லணும். கேலிமுறையில சொல்றேன். முறைக்காரன் என்ன சொன்னாலும் கோவிச்சுக்கக் கூடாது. அது உங்களுக்கும் சட்டம்.

லசினே: வேணாம்டா...

ஜுமானா: எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.

சொக்னா: அடடே. எப்போ?

ஜுமானா: நீங்க முதல் புத்தகம் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடி. நாலு பிள்ளைங்க. அரிசி மண்டி வெச்சிருக்கேன். இவன் ஹெட்மாஸ்டர்.

லசினே: என்னை ஏன்டா இழுக்கறே?

ஜுமானா: மூத்தவளுக்கு ஞாயித்துக்கிழம கல்யாணம். அவ பேரும் சொக்னாதான். உங்க பேருதான் வெச்சேன். நீங்க இல்லாம அவளை அனுப்ப எனக்கும் மனசில்ல... வந்துடுங்க. திட்டறதெல்லாம் திங்கக்கிழம திட்டுங்க.

லசினே: அக்கா? அழறீங்களா, சிரிக்கிறீங்களா? எனக்குச் சரியாத் தெரியல.

சொக்னா: ஜுமானா, இந்தப் பையத் திற.

ஜுமானா: இது... எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் கல்யாணத்துக்கு ஒரே மாதிரி எடுத்த துணியாச்சே! தைச்சே இருக்கு!

சொக்னா: உன் பொண்ணு போன மாசமே டாக்கருக்கு அனுப்பிட்டா. 'எங்கப்பா தானா வாயத் தொறந்து கூப்பிடணும். அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க பெரியம்மா'ன்னா.

ஜுமானா: அப்போ... போன மாசத்துலேர்ந்து தெரியுமா?

சொக்னா: அவ பொறந்தப்பவே தெரியும். இந்தத் தெருவுல வேற யாருக்கும் வாய் இல்லன்னு நெனச்சியா?

லசினே: தெரிஞ்சுமா எங்களக் கல்யாணம் ஆகாதவங்கன்னு எழுதினீங்க?

சொக்னா: யார் எழுதினது? 'ஆன கல்யாணத்த மறைச்சுக்கிட்டு இளவட்டமாத் திரியறவங்க'ன்னு உங்களுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன். அதுக்குத்தான் பட்டமே குடுத்தாங்க. ஆளுக்கு ஒரு புத்தகம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, படிக்கலயா?

லசினே: ஸ்கூல் பீரோவுல பத்திரமா இருக்கு அக்கா. அழுக்காயிடுமேன்னு பிரிக்கல.

ஜுமானா: இருங்க, இருங்க. எல்லாம் தெரியும், எழுதியும் முடிச்சாச்சுன்னா... அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் வந்து 'வேலை கிடைச்சுதா, கல்யாணம் ஆச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க? என்ன ஆராய்ச்சி அது?

சொக்னா: ஆராய்ச்சி எப்பவோ முடிஞ்சு போச்சுடா. காலேஜ்லயும் வயசாச்சுன்னு கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டாக்கர் வீட்டுல பேச ஒரு ஆள் கெடையாது, வாயத் தொறந்தா எதிரொலிதான் கேக்குது... 'முடிஞ்சுபோச்சு'ன்னு இங்க சொல்லியிருந்தா, நீங்க ரெண்டு பேரும் எழுந்து உங்க உங்க வேலையப் பார்க்கப் போயிருப்பீங்களேடா.