பதினோரு மணி சைரன்

எனக்கு டீ குடிக்கிற பழக்கம் கிடையாது, சார். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். காலை பதினோரு மணிக்கு எல்லோரும் கேட் பக்கத்து டீக்கடையில் நிற்பார்கள். நான் மட்டும் சர்வர் அறையில் இருப்பேன்.

என் பெயர் நவநீதன். கம்ப்யூட்டர் பிரிவில் நான் ஒருவன்தான். தோல் ஊறும் டிரம்கள், கழிவுநீர்த் தொட்டியின் பம்பு, விஷவாயு சைரன், எல்லாம் ஒரு பழைய வெளிநாட்டு புரோகிராமின் கையில் இருக்கின்றன. அதை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. நிஜக் கணினியில் அது ஓடாது. அதனால் என் சர்வருக்குள் ஒரு பாவனைக் கணினி, அதற்குள் இன்னொரு பாவனைக் கணினி, அதற்குள் அந்த புரோகிராம். பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி. இதைக் கட்டி ஓடவைத்தவன் நான். மேனேஜருக்கு இன்றுவரை புரியாது, பரவாயில்லை.

தொட்டியில் வாயு ஏறினால் செய்தி முதலில் வெளிப்பெட்டியின் கர்னலுக்கு வரும். கர்னல் என்றால் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துவது. அது உள்ளே ஓடும் பாவனைப் பிராசசரின் பெயரில் ஒரு குறி போடும், உனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று. குறி போட்டதோடு நிற்காது, ஒரு தட்டுத் தட்டி வெளியே கூப்பிடும். அது வந்து குறியைப் பார்த்து, செய்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சைரன் அடிக்கும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிற காரியம்.

சைரன் அடித்தால் தொட்டியில் இறங்கியவர் உடனே மேலே வந்துவிட வேண்டும். அந்த விதியை எழுதி ஒட்டியதும் நான்தான்.

மார்ச் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் சைரன் அடித்தது. எப்போதும் பதினோரு மணியை ஒட்டித்தான். தொட்டியில் இறங்கி அடைப்பு எடுப்பவர் இன்பராஜ். மேலே வருவார், கை கழுவுவார், டீக்கடைக்குப் போவார். அரை மணி நேரம் வேலை நிற்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இன்னா நவநீதன், உங்க சிஸ்டம் ஒரே பேஜாரா இருக்கே?” என்று கேட்டார். நான் கட்டியதைப் பற்றி அப்படி யாரும் கேட்டதில்லை.

அன்று டீக்கடை வழியாகப் போனேன். இன்பராஜ் கிளாசைத் தூக்கிக் காட்டி, “இன்னா சார், உங்க மெஷினுக்கும் கரெக்டா பதினோரு மணிக்கு டீ கேக்குது போல?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

டீக்காக அவரே கேஸ் கருவியில் ஏதோ செய்து சைரனை அடிக்கவைக்கிறாரோ என்று யோசித்துப் பார்த்தேன், சார். அவர் ஐடிஐ படித்தவர். ஒருமுறை என்னிடம், “அந்தக் கேஸ் பொட்டி எப்டி சார் கண்டுபிடிக்குது?” என்று கேட்டிருக்கிறார். அடைப்பு எடுக்கிறவருக்கு அது எதற்கு? கேமரா பதிவுகளை மூன்று வாரம் பார்த்தேன். அவர் கருவிப் பக்கம் போகவே இல்லை. அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கர்னலில் ஒரு வரியை மாற்றினேன். உள்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது குறியை மட்டும் போடு, தட்டாதே. அது தானாக வெளியே வரும்போது பார்த்துக்கொள்ளட்டும். அடிக்கடி தட்டினால் டிரம்களின் வேகம் தடுமாறுகிறது என்று மாற்றத்துக்கான காரணத்தை எழுதிவைத்தேன். அது பொய் இல்லை, கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது.

உள்பெட்டி எவ்வளவு நேரம் வெளியே வராமல் இருக்கும் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் ஒரு வினாடிகூட ஆகாது. ஆனால் டிரம்கள் காலியாக இருக்கும்போது அந்தப் பழைய புரோகிராம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் அளந்து பார்த்தேன், அதிகபட்சம் நான்கு நிமிடம் பத்து வினாடி. டிரம்கள் காலியாவது பதினோரு மணிக்கு. எனக்கு வேண்டியது அந்த நான்கு நிமிடம்தான். சைரன் அடிக்காமலே அவர் மேலே வந்தால், வாயுவுக்காக அல்ல, டீக்காகத்தான் வருகிறார் என்று மேனேஜருக்கே காட்டிவிடலாம்.

ஷஹீன் பானு விசாரணையில் உங்களிடம் சொன்னது உண்மை. லேபில் இருக்கிற பெண். நான் அந்த வரியை மாற்றுவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமையே என் அறைக்கு வந்து சொன்னாள். “சார், பதினோரு மணிக்குத்தான் ஆசிட் டிரம்ம தொறந்து விட்றாங்க. அந்தத் தண்ணி சல்ஃபைடு போட்ட சுண்ணாம்புத் தண்ணியோட வாய்க்கால்ல கலக்குது. கேஸ் வராம இன்னா பண்ணும்? சைரன் சரியாத்தான் அடிக்குது.” அவளும் இன்பராஜும் வாணியம்பாடியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். சரிம்மா, பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை பதினொன்று இரண்டுக்குக் குறி விழுந்தது. என் திரையில் சின்னதாக 1 என்ற எண். கேமராவில் தொட்டியின் வாய் தெரிந்தது. இன்பராஜ் உள்ளே இருந்தார். ஒரு பட்டனை அழுத்தினால் நானே தட்டி எழுப்பியிருக்கலாம், சைரன் அடித்திருக்கும். விரல் பட்டன் மேல்தான் இருந்தது. வாயு நிஜமாக இருந்தால் நாற்றம் அடிக்குமே, தானாக வருவாரே என்று இருந்தேன். அளவு மிஞ்சினால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது என்று அந்த விதிக்குக் கீழே நான்தான் சிவப்பு எழுத்தில் அடித்து ஒட்டியிருந்தேன். அது அப்போது ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது.

பதினொன்று ஆறுக்குக் குறி அழிந்து சைரன் அடித்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கயிறு போட்டு உடலைத்தான் தூக்கினார்கள்.

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சௌந்தர்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, மெஷினு லேட்டா அடிச்சா?” என்று அழுதாள். யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி.

மெஷின் லேட்டாக அடிக்கவில்லை, சார். நான் சொன்ன நேரத்துக்கு அடித்தது. இதை நீங்கள் இப்படியே எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த நான்கு நிமிடமும் நான் கண் எடுக்காமல் பார்த்தேன். அவர் டீக்கு மேலே வரவில்லை. அவர் மேல் எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.