செருப்புப் போட்டுத் துவைக்கும் மெஷின்

மண்ணரையில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சின்னவள் சொன்ன ஒரு பேச்சுக்குத்தான் நான் காதைக் கொடுத்தேன்.

“எங்கூட்ல செருப்புப் போட்டுட்டுத்தானுங்கக்கா துணி தொவைப்போம்.”

“ஏங்கண்ணு?”

“வாஷிங் மெஷினத் தொட்டா சுருசுருன்னு ஷாக்கடிக்குதுங்க. ரப்பர் செருப்புப் போட்டா ஒண்ணுந் தெரியாதுங்க.”

“எர்த் குடுத்திருக்குதா?”

“அது தெரியலீங்க. ஊட்ல ரெண்டு ஓட்டை பிளக்குதான் இருந்துச்சு. மெஷின் வயர்ல இருந்த பெரிய பின்ன எங்கூட்டுக்காரரு ஒடச்சுட்டு மாட்டுனாருங்க.”

“அந்தப் பின்னுதான் கண்ணு எர்த்து. அத ஒடச்சுட்டா கரண்டு மெஷின்லயே நிக்கும். வெறுங்கால்ல ஈரக்கையோட தொட்டா ஆளையே புடிச்சுக்கும்.”

சின்னவள் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினாள்.

“அவரு நேத்துத்தான் பழனிக்கு மாலை போட்டாருங்கக்கா. இனி மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் செருப்புப் போடமாட்டாரு. நைட் ஷிப்ட்டு, ஊட்லதான் இருக்காருங்க. மெஷின் நின்னதும் துணிய எடுத்துக் காயப்போடச் சொல்லிட்டு வந்தேன்.”

“மொதல்ல போனப் போடு. மெயின ஆஃப் பண்ணச் சொல்லு.”

ஸ்பீக்கரில் ரிங் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் ஆண் குரல் அவசரமாக வந்தது.

“புள்ள, கையெல்லாம் ஈரம். மெஷின் இப்பத்தான் நின்னுச்சு. துணிய எடுத்துப்போட்டுட்டு நானே கூப்படறேன்.”

அவள் வாய் திறப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

மறுபடி போட்டாள். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது.