லோர்னாவின் சூப்பில் உப்பு

சமையலில் எனக்கு அப்படியொன்றும் கைப்பக்குவம் கிடையாது. கோழி சூப் மட்டும் சுமாராக வைப்பேன். அதைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஒஹாயோ ஊரின் குடிநீர் நிலையத்தில் பத்தொன்பது வருடம் நான் பரிசோதகன். தண்ணீரில் ஈயம் இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது, குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டனை சொல்ல ஏழு வாரம் இருந்தது. மூன்று வருடம் வரும் என்றார் வக்கீல். ஐம்பத்தெட்டு வயதில் சிறைக்குப் போக நான் தயாராக இல்லை.

கண்ட்ரி என்பவரைப் பிடித்தேன். தானே சிறையில் இருந்துவிட்டு வந்து, இப்போது உள்ளே போகிறவர்களைத் தயார்படுத்துகிறவர். எந்தச் சட்டை போடுவது, நீதிபதிக்கு யாரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்குவது, உள்ளே யாரிடம் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் சொல்லித் தந்தார்.

"அழுது காட்டாதீங்க சார். அந்த ஜட்ஜ் எத்தனையோ அழுகையைப் பார்த்தாச்சு. உங்களை விட்டா பார்த்துக்க ஆளில்லாத நோயாளி யாராவது வீட்டுல இருக்காங்களா? இருந்தா ஜெயிலுக்குப் பதிலா வீட்டுக்காவல் கேட்டுப் பார்க்கலாம்."

இருந்தாள். என் மனைவி லோர்னா. இதயம் பலவீனம், உப்பு ஆகவே ஆகாது. ஆனால் அந்த வசந்தத்தில் பார்த்து அவள் தேறிக்கொண்டு வந்தாள். தபால் பெட்டி வரை தனியாக நடந்தாள். போதாக்குறைக்கு அவள் தங்கை நோரீன் வந்து நின்றாள்.

"அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன் டேல். நீ நிம்மதியா கம்பி எண்ணிட்டு வா. உன் சூப்புலேர்ந்து அவளுக்கும் விடுதலை."

அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

எங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுத கோர்ட் அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம் தொடங்கினேன். முதல் நாள் அரைத் தேக்கரண்டிதான்.

"கரிக்குதே டேல்."

"மாத்திரை நாக்கைக் கெடுக்குதும்மா. குடி."

நான் சொன்னால் நம்புவாள். அதிகாரி வந்தபோது அவள் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன, குறித்துக்கொண்டு போனார். நோரீன் வீடு வரை பயணம் தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். தண்டனை நாள் மூன்று வாரம் தள்ளிப்போனது. தள்ளிவைத்தது கோர்ட், நானல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். "இன்னும் ஒன்பது நாள்தான், பல்லைக் கடிச்சுக்கோ" என்று கெஞ்சினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உள்ள போயிட்டா என்னை யாரு இப்படிப் பார்த்துப்பா?"

நான் அழுதேன். அது நடிப்பில்லை.

தண்டனைக்கு நான்கு நாள் முன்பு போய்விட்டாள். வீட்டுக்காவல் கேட்க வழியில்லாமல் போயிற்று. ஆனாலும், மனைவியை இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லி நீதிபதி ஆறு மாதம் குறைத்தார்.

ஆமாம், உப்புப் போட்டது நான்தான். சாகடிப்பதற்கல்ல, நோயாளியாக வைத்திருப்பதற்கு. இரண்டும் ஒன்றல்ல என்று உங்களுக்கும் தெரியும். இந்தச் சிறையை விட்டு வெளியே வந்ததும் முதியோர் இல்லம் எதிலாவது வேலை கேட்கலாம் என்றிருக்கிறேன். தீர்ப்பில் நீதிபதி எழுதியிருப்பதைவிட நல்ல சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?