ஒத்துப்போகல

இந்தப் பக்கம் நெழலுக்கு வந்து ஒக்காருங்கம்மா. ராவுகாலம் முடியாம அந்த வீட்ல கால் வெக்க மாட்டோம்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் இன்னாத்துக்கு வெயில்ல நிக்கணும்? உங்க வீட்டுக்காரரு பூ, பழம் வாங்கிக்கினு மெதுவா வரட்டும். பவன்குமார் வீடு எங்கயும் போயிடாது. பால் சொசைட்டி தாண்டினதும் பச்ச கேட்டு. தெரியாம இன்னா, நானும் அந்தத் தெருதான்.

சூளூர்பேட்டையா? தூரம்தான். பொண்ணு பேரு? ஷோபா. நர்ஸ் வேலைக்கா போவுது? நல்லா இருக்கட்டும்.

பையனுக்கு இது ரெண்டாங் கல்யாணம்னு சொன்னாங்களா? சொல்லிட்டாங்க, சரி. மொத கல்யாணம் எதனால அறுந்துச்சுன்னு சொன்னாங்க?

அபிப்பிராய பேதமா! யாரு, புரோக்கர் கிருஷ்ணப்பா சொன்னாரா? அவரு வாயில எல்லாமே எண்ணெ தடவி சீவி விட்ட மாதிரிதான் வரும்.

ஐயோ, உங்களப் பார்த்து சிரிக்கலம்மா. எனக்கு சிரிப்பு வந்தே ரொம்ப நாளாச்சு. இதுக்கு எத்தினி வார்த்த வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன், அவ்ளோதான்.

அந்தப் பொண்ணு பேரு நளினி. காளஹஸ்தி பக்கம். வந்த புதுசுல மாமியாகூட ஒக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கினு ஓயாம பேசும். பாதி தமிழு, பாதி தெலுங்கு. எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. பொண்ணு இல்லாத வீடு அது, மாமியாக்காரிக்கு அந்த சத்தமே வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கும். அவங்க அண்ணன் போன் பண்ணா வாசல்ல நின்னு பேசும். அது பவன்குமாருக்குப் புடிக்கல. உள்ள பேசினா ரகசியம்பான், வெளிய பேசினா ஊருக்குக் காட்டறியான்னுவான். துன்ற தட்ட தள்ளி உட்டுட்டு எழுந்து போவான். நாள்கணக்கா பேச மாட்டான். அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணோம்னே தெரியாம மன்னிச்சிக்கோங்க, மன்னிச்சிக்கோங்கன்னு பின்னாலயே போவும். அதுக்கு தெருவுல வெச்ச பேரு பிணக்கு. புதுசா கட்டினவங்களுக்குள்ள பிணக்கு வரத்தான் செய்யும், ஒரு கொழந்த பொறந்தா சரியாப் போயிடும்னாங்க.

அப்புறம் சித்திரை மாசம், நல்ல வெயிலு. நெலத்துல மோட்டார் ரூம் ஒண்ணு கீது, தகரம் போட்டது. சோறு கொண்டு போன பொண்ண உள்ள தள்ளிப் பூட்டிட்டு, சாவிய ஜோபில போட்டுக்கினு வண்டிய எடுத்துக்கினு போயிட்டான். இன்னாத்துக்கு தெரியுமா? கொழம்புல புளி தூக்கலாம். மருமவளக் காணோமேன்னு மாமியா தேடிக்கினு போனா, உள்ள இருந்து தகரத்த சொரண்ற சத்தம் கேக்குது. கல்ல எடுத்து அடிச்சுப் பூட்ட ஒடச்சா. நாக்கு தடிச்சு, பேச்சே வர்ல அந்தப் பொண்ணுக்கு. மடியில போட்டுக்கினு முந்தானைய நனைச்சு நனைச்சு வாயில புழிஞ்சு உட்டா.

கூட்டினாங்கம்மா, பெரியவங்களக் கூட்டாம இருப்பாங்களா? அவனோட பெரியப்பா வேங்கடாசலம்தான் பேசினாரு. லடாய்னாரு. புருஷன் பொண்டாட்டி லடாய், ரெண்டு பேரும் கொஞ்சம் உட்டுக் குடுத்துப் போங்கன்னாரு. ரெண்டு பேருமாம்! பூட்டின ரூம்ல கெடந்தவ இன்னாத்த உட்டுக் குடுக்கறது?

அம்மா வீட்டுக்குப் போவாம இன்னா, அவங்க நைனா வந்து கூட்டிக்கினுதான் போனாரு. இவன் போய் கால்ல வுழுந்து கூட்டியாந்துட்டான். நல்லா அழுவான்மா அவன். பேச்சும் அப்டிதான். நீங்க போனதும் பாருங்களேன், மேல துண்ட எடுத்து இடுப்புல கட்டாத கொறையா நிப்பான். உங்களுக்கே புடிச்சுப் போயிடும்.

ஆடியில செம்ப எடுத்து எறிஞ்சான். எவர்சில்வர் செம்பு, நெறைய தண்ணி. எடது கண்ணுல பட்டுச்சு. திருப்பதிக்குத் தூக்கிக்கினு ஓடினாங்க. எப்படி ஆச்சுன்னு டாக்டரு கேக்கறாரு, அவன் கட்டிலாண்டயே நிக்கிறான். குழாயாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. மாமியாவால தாங்க முடியல. இல்ல சார், இவன்தான் எறிஞ்சான், நான் கண்ணால பார்த்தேன்னா. தமிழ்ல ஒருவாட்டி, தெலுங்குல ஒருவாட்டி. போலீசு வந்துச்சு, அவங்ககிட்டயும் அதேதான் சொன்னா. பெரியப்பா அவங்களத் தனியா கூட்டிக்கினு போய் பேசினாரு. கடைசில எழுதினதப் படிச்சுக் காட்டினாங்க. குடும்பத்துல கொடவ, அதான் தெலுங்குல சண்டை, அதுல தவறி அடிபட்டுச்சாம். எறிஞ்சான்னு அவ சொன்னா, காகிதத்துல கொடவன்னு கீது. அந்த வார்த்தையில எறிஞ்சவன் எங்கம்மா கீறான்?

வீட்டுக்கு வந்ததும் மாமியாவும் அவங்கிட்ட அடி வாங்கினா. புருஷன் இல்லாதவ, போக்கிடம் வேற இல்ல. வாங்கிக்கினு அடுப்பப் பத்த வெச்சா.

கண்ணு வர்லம்மா. போனது போனதுதான்.

பொண்ணு உசுரோட வந்தா போதும்னு அவங்க நைனா ஒடுங்கிட்டாரு. கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும், ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதா எழுதினா சீக்கிரம் வெளிய வரலாம்னு வக்கீல் சொல்லி இருக்காரு. சக்யத லேதுன்னு தெலுங்குல எழுதினாங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துமை இல்லன்னு அர்த்தம். அவ கையெழுத்து போட்டா, அவனும் போட்டான். அதக் காட்டித்தான் இப்போ ஊர் ஊராப் பொண்ணு கேக்கறாங்க. நாங்க எதையும் மறைக்கல பாருங்கன்னு.

ராத்திரியில தூக்கம் வராதப்ப நெனச்சுப் பார்ப்பேன். பிணக்கு, லடாய், கொடவ, மனஸ்தாபம், ஒத்துப்போகல... எதச் சொன்னாலும் அதுல ரெண்டு பேரு நிக்கிறாங்க. பாவத்துல பாதி அவனுக்கு, பாதி அவளுக்குன்னு பங்கு போட்டுக் குடுத்துடுது. அந்த வீட்ல சண்டையே நடக்கலம்மா. சண்டைன்னா அவளும் ஒரு வார்த்த எதுத்துப் பேசி இருக்கணுமில்ல? அவ பேசினது ஒண்ணே ஒண்ணுதான். அடுப்பாண்ட வந்து நின்னுக்கினு, பயமா கீது அத்தேன்னு. அத எவனும் எழுதல.

இப்போ திருப்பதியில கொழந்தைங்களுக்கு டியூஷன் எடுக்கறா. மாமியாவ ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல பார்த்துட்டு அவளே ஓடியாந்து பைய வாங்கிக்கினா. சாப்ட்டீங்களா அத்தேன்னு கேட்டா. பஸ்ஸு கெளம்பற நேரத்துல, அவருக்குப் பொண்ணு பாக்கறீங்களாமேன்னா. ஆமான்னு மாமியா தலைய ஆட்டினதும், அந்த ஒரு கண்ணால பார்த்துக்கினே நின்னா. அன்னிலருந்துதான் மாமியாவுக்கு சோறு எறங்கல. எழுதறவங்ககிட்ட சொன்னா அவங்க வேற வார்த்த போட்டுக்குவாங்க, இனிமே பொண்ணு குடுக்கறவங்ககிட்டதான் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டா.

அழாதீங்கம்மா. தோ, உங்க வீட்டுக்காரரு வர்றாரு. மொகத்தத் தொடச்சிக்கோங்க. அவருகிட்ட ஊருக்குப் போய் சொல்லுங்க, இங்க வேணாம். கோவத்துல எதனா கேட்டுடுவாரு. வந்தது வந்துட்டீங்க, பாதியில திரும்பினா யாரு சொன்னான்னு தோண்டுவான். உள்ள வாங்க, ஒக்காருங்க, குடுக்கறதத் துன்னுங்க, யோசிச்சு சொல்றோம்னு எழுந்துடுங்க. ஷோபாவ மட்டும் அனுப்பிடாதீங்க.

நானா? நான் முன்னால போறேன். பச்ச மொளகா வாங்கியாறேன்னு சொல்லிட்டு வந்தேன், கேசரி அப்டியே அடுப்புல கீது. நீங்க வந்ததும் அவனே கூப்பிட்டுக் காட்டுவான், இதுதான் எங்கம்மா ரத்தினம்மான்னு. அப்ப புதுசாப் பாக்கற மாதிரி கும்பிடுங்க. அப்புறம், உங்க வீட்டுக்காரருக்கு சுகர் எதனா கீதா? சொல்லிட்டீங்கன்னா அவருக்கு மட்டும் காபி தனியா கலக்கிடுவேன்.