மரத்தடியில் ஈரம்

— மூக்கை முந்தானையால பொத்திக்கிட்டே துணி துவைக்கிறே சௌமினி. கேட்டா நாத்தமே இல்லங்கிறே.

— சளி புடிச்சிருக்கு.

— மேட மாசக் கோடை வெயில்ல சளி...

— ஏன், உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வரணுமா சுகதேட்டா?

— அந்தி விளக்கைக்கூட மரத்தடியில வைக்கிறதில்ல நீ. இந்தத் துவைக்கிற கல்லுகிட்ட வைக்கிறே. அங்க நிக்க முடியாமத்தானே?

— அங்க காத்து. விளக்கு நிக்காது.

— காத்து. சரி, இங்க வந்து இந்த மண்ணுல கால் வச்சுப் பாரு.

— வேலை கிடக்கு எனக்கு.

— மழையைக் கண்ணால பார்த்து எத்தனை நாளாச்சு. ஊரே காஞ்சு கிடக்கு. கக்கூஸ் டேங்கைச் சுத்தி மட்டும் சொதசொதங்குது. புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குது.

— துவைச்ச தண்ணி அங்க ஓடுது, அதான்.

— நீ துவைக்கிறது பள்ளத்துல. தண்ணி மேட்டுல ஏறி ஓடுமா? கக்கூஸ்ல தண்ணி ஊத்தினா இறங்காம குடுகுடுங்குது. கொசு பிச்சுப் பிடுங்குது. இதுக்கு மேல அந்த டேங்கு வாயைத் திறந்து, 'நான் உடைஞ்சுட்டேன்'னு சொல்லணுமா?

— கொஞ்சம் பினாயில் ஊத்தினா சரியாயிடும்.

— கிணத்துல யாரு பினாயில் ஊத்தறது?

— கிணத்துக்கு என்ன?

— கோரன் மேஸ்திரி ஒரு சிவப்புச் சாயம் குடுத்தாரு. கரைச்சு கக்கூஸ்ல ஊத்திட்டு, கிணத்தைப் பார்த்துக்கிட்டே இருன்னாரு. இன்னிக்கு வாளி இறக்கினேன்...

— இறக்கி?

— நீ பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சுவியே குடிதண்ணி, அந்தச் சிவப்பு நிறத்துல இருந்துது. காய்ச்சாமலே. நாம குடிச்ச தண்ணிடி அது.

— நாம குடிக்கல.

— என்ன?

— ஓணத்துக்கு அப்புறம் பக்கத்து வீட்டுக் கதீசும்மா கிணத்துலதான் எடுக்கறேன். நீங்க பால் சொசைட்டிக்குப் போற நேரம் பார்த்து. நம்ம தண்ணி பாத்திரம் கழுவ, துணி துவைக்க மட்டும்.

— அப்போ உனக்கு முன்னாடியே...

— கஞ்சித் தண்ணி கொதிக்கும்போதே வாடை வந்துது. அடுப்பு முன்னாடி நிக்கிறது நானா, நீங்களா?

— தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் சளி, காத்துன்னு கதை விட்டே?

— குரலை இறக்குங்க. கதீசும்மா காதுல விழும்.

— தண்ணி குடுக்கறவளுக்குத் தெரியாததா? அடுத்த வாரம் ஷிம்னாவைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். வயித்துப் பிள்ளைக்காரிக்கு மஞ்சக்காமாலை வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. தெரியுமில்ல?

— தெரியும்.

— அதான் கோரனை நாளைக்கே வரச் சொல்லிட்டேன். டேங்கு மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுக் காட்டினாரு. வெட்டுக்கல்லு சந்து வழியா உள்ள பூந்திருக்கு வேர். தலைமுடி மாதிரி தொங்குது. ஒரு பக்கச் சுவரே வெளிய தள்ளிட்டு நிக்குது.

— எந்த வேர்?

— சௌமினி...

— எந்த வேருன்னு கேட்டேன்.

— பக்கத்துல எத்தனை மரம் நிக்குது?

— அதைத் தொடக்கூடாது.

— நான் சொல்றதைக் கேளு...

— தொடக்கூடாது. சிதை ஆறின மண்ணுல நட்ட தென்னை. பிள்ளை நெஞ்சு கிடந்த இடத்துல நட்டது.

— நானும் கூடத்தானே நின்னேன். அஞ்சு சென்ட் நிலம். அவனைத் தெக்கால சிதையில கிடத்தறதுக்கே விறகுக் கொட்டகையை இடிச்சோம். டேங்கை வேற எங்க நகர்த்த? அந்தப் பக்கம் போனா கிணறு, இந்தப் பக்கம் வந்தா அடுப்படி. புது உறை இறக்கணும்னா மரம் போயாகணும்.

— நாலாம் வருஷமே குலை தள்ளிச்சு. எந்த வீட்டு மரம் அப்படித் தள்ளிச்சு? 'என் ஷிஜில் தர்றான்'னு நீங்கதானே ஊர் பூரா காய் குடுத்தீங்க?

— அவன் தரல. கக்கூஸ் தந்துது.

— சீ. அந்த வாயால அப்படிச் சொல்லாதீங்க.

— உள்ளதைத்தான்...

— ...

— அழாதே. என் நாக்கு அப்படி. அழாதேடி.

— சுவருக்கு உள்பக்கம் சிமெண்ட் பூசினா நிக்காதா?

— பூசலாம். அடுத்த மழைக்கு வேர் திரும்ப வரும். அந்த நேரம் வீட்டுல கைக்குழந்தை இருக்கும். ஷிம்னா...

— ஷிம்னா வரமாட்டா.

— என்னது?

— நான்தான் சொல்லிட்டேன். எனக்கு முதுகுவலி, பார்த்துக்க முடியாது, மாமியார் வீட்டுலயே பெத்துக்கோன்னு.

— தலைப்பிரசவம். பெத்தவ வாயாலயே வராதேன்னு சொன்னியா?

— 'என்னம்மா இப்படிச் சொல்றே'ன்னு அழுதா. போனை வச்சுட்டா. அப்புறம் கூப்பிடவே இல்ல.

— போன பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையைத் தள்ளிட்டியே சௌமினி. சொல்லாமலே போயிடணும்னு இருந்தேன். இனிமே சொல்லாம இருந்தா பாவம். அந்த மரம் அவன் இல்ல.

— ...

— கேக்குதா? நீ நட்ட கன்னு அந்தக் கோடையிலயே கருகிப் போச்சு. நீ வடகரையில உங்க அக்கா வீட்டுல சோறு இறங்காம படுத்துக் கிடந்தே. திரும்பி வந்து அதையும் காஞ்ச குச்சியா பார்த்தா... உன்னையும் நான் தெக்கால தூக்கிட்டுப் போகணும்னு பயந்துட்டேன். நர்சரியில ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். இதாவது பிழைக்கட்டும்னு, ஈரமா இருந்த இடமாப் பார்த்து நாலடி தள்ளி நட்டேன். அங்க ஏன் ஈரம்னு யோசிக்கல. மகனைப் பறிகுடுத்தவனுக்கு அந்தப் புத்தி எங்க இருக்கும்... வெட்டிடலாம் சௌமினி. அவனுக்கு வலிக்காது. அவன் அங்க இல்ல.

— அந்தி விளக்கை நான் எங்க வைக்கிறேன் சுகதேட்டா?

— இந்தக் கல்லுகிட்ட. அங்க காத்துன்னு நீதானே...

— நான் நட்டது செவ்விளநீர்க் கன்னு. கடைசியா பைக் எடுத்துட்டுப் போன அன்னிக்குக்கூட அவன் அதைத்தான் குடிச்சுட்டுப் போனான். அதுக்காகவே தேடி வாங்கினேன். வடகரையிலேருந்து வந்து இறங்கினதும் போய்ப் பார்த்தேன். மட்டை செவப்பா இல்ல, பச்சையா இருந்துது. இடமும் மாறியிருந்துது. என் பிள்ளையைக் கிடத்தின இடம் எனக்குத் தெரியாதா? விளக்கு அங்கதான் வைக்கிறேன், இந்தக் கல்லுகிட்ட.

— தெரிஞ்சுமா... இத்தனை வருஷமா? அப்புறம் எதுக்கு அதைத் தொடாதேன்னு... எதுக்கு ஷிம்னாவை...

— நீங்க அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்ல. எரிச்ச அன்னிக்கும் இல்ல, வருஷ திவசத்துக்கும் இல்ல. ஆனா தினமும் பொழுது சாஞ்சதும் அந்த மரத்துல நெத்தியை வச்சுக்கிட்டு அவன்கிட்ட பேசறீங்க. அவன் இல்லன்னு தெரிஞ்சே பேசறீங்க. அடுப்படி ஜன்னல்ல நின்னு தினமும் பார்க்கறேன்... அதை வெட்டிட்டா நீங்க எங்க போய் அழுவீங்கன்னுதான்.