பொத்தான் வச்ச துப்பாக்கி

சுட்டிருக்கணும், தம்பி. அதுதான் என் வயித்தெரிச்சலே. காசு குடுத்து வாங்கின சாமான், அழுத்தினா சுட்டிருக்கணுமா இல்லையா? நானும் அழுத்தறேன், அழுத்தறேன், அது பாட்டுக்குக் கல்லு மாதிரி கெடக்குது... இருங்க, உங்களச் சுட்டிருக்கணும்னு நான் சொல்ல வரல. அப்படி எடுத்துக்காதீங்க. எதிர்ல நின்னது நீங்கங்கறது வேற விஷயம். நான் பேசறது சாமானப் பத்தி.

இந்தாங்க, மொதல்ல இதப் பிடிங்க. பீச் பழ கேக். கம்பிக் கதவத் தொறந்தாத்தானே வாங்க முடியும்? சரி, தொறக்க வேண்டாம், இப்படி இந்த ஊஞ்சல் மேலயே வைக்கறேன். பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஆள் வந்தா மொத வாரமே ஏதாவது செஞ்சு கொண்டுபோய்க் குடுக்கணும், அதுதான் நம்ம தெரு வழக்கம். எனக்கு முட்டி வலி, அடுப்புகிட்ட நிக்க முடியல, இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு. செவ்வாக்கிழமை நடந்ததுக்காகக் கொண்டுவந்தேன்னு நெனச்சுடாதீங்க. அதுக்காகவும்தான், வைங்க. தட்டு எங்க அம்மாவோடது. அவசரமில்ல, சாப்பிட்டு முடிச்சதும் சும்மா பின்பக்கமா வந்து... இல்ல இல்ல, முன்பக்கமாவே வாங்க. வர்றப்ப பேரச் சொல்லிக்கிட்டே வாங்க.

உக்காந்துக்கறேன், கால் நிக்கல.

உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வீடு ஒன்றரை வருஷம் பூட்டிக் கெடந்துச்சு. புல்லு இடுப்பளவு. ராத்திரி ஆனா என் சமையக்கட்டு ஜன்னல்ல இந்தப் பக்கம் பூரா ஒரே கும்மிருட்டு. என் வீட்டுக்காரர் ராய்ஸ் இருக்காரே, ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிச்சுட்டு வரேன்னு போனவரு, இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்காரு. அங்க ஒருத்தி அதப் பொரிச்சுப் போடறான்னு கேள்வி. அது கெடக்கட்டும். தனியா இருக்கறவ, காத்தடிச்சு இந்த வீட்டுத் தகரம் படபடன்னு அடிச்சா எனக்கு எப்படி இருக்கும்? படுத்தா தூக்கம் கெடையாது. டிவியப் பெருசா வச்சுட்டு நாற்காலியிலயே கெடப்பேன்.

நோரீன்தான் சொன்னா. எங்க சர்ச்சுல என்கூடப் பாடறவ. அந்தப் பாட்டுக் குழுவுல பாதிப் பேர் கைப்பைல ஒண்ணு வச்சிருக்காங்க, தம்பி. நோரீன் பையத் தரையில வச்சா டங்குனு சத்தம் வரும், பாதிரியாரு பிரசங்கத்துல ஒரு நிமிஷம் நிப்பாரு. "வெர்லீன், சின்னதா ஒண்ணு வாங்கி வச்சுக்கடி, தலகாணி மாதிரி, தூக்கம் வரும்"னா. தூக்கத்துக்காக வாங்கினது, தம்பி அது. ஆளச் சுடறதுக்கு இல்ல.

சரின்னு துப்பாக்கி விக்கற கர்ட்டிஸ் கடைக்குப் போனேன். தீவனக் கடைக்குப் பக்கத்துல இருக்கே, அது. கர்ட்டிஸ எனக்கு இந்த உயரத்துல இருந்து தெரியும். பள்ளிக்கூடச் சமையக்கட்டுல இருபத்தெட்டு வருஷம் நின்னவ நான், அவன் தட்டுல பட்டாணி போட்டா ஒண்ணு விடாம ஒதுக்கிட்டு ஓடுவான். இப்ப தொப்புள் வரைக்கும் தாடி. எடுத்ததும் என்ன செய்யறான் தெரியுமா, ரோஸ் கலர்ல ஒண்ண எடுத்து நீட்டறான். பொம்பளைங்க இதத்தான் விரும்பறாங்களாம். ஏண்டா, திருடன் வந்தா கலர் பொருத்தமா இருக்கான்னா பாப்பான்னு கேட்டேன். அப்புறம் கறுப்புல வரிசையா எடுத்துப் போட்டான். ஒவ்வொண்ணும் எண்ணூறு, தொள்ளாயிரம் டாலர். அந்தக் காசுக்கு நான் குளுருக்கு ஹீட்டர மாத்திருப்பேன்.

நான் ஒரு பொருளப் பாத்து வாங்கறவ, தம்பி. முந்நூறு பிள்ளைங்களுக்குக் கரண்டி பிடிச்ச கை. கைக்கு அடங்கணும், ஈரக் கையில வழுக்கக் கூடாது, நாளைக்கு ஒரு பாகம் ஒடஞ்சா கிடைக்கணும். அவ்வளவுதான் நான் பாப்பேன், பேர் எல்லாம் பாக்க மாட்டேன். கடைசில அலமாரியோட அடித்தட்டுல இருந்து ஒண்ண எடுத்தான். உள்ளங்கை அளவு. இருநூத்தி எழுபதுதான். குண்டு வைக்கற டப்பா ஒண்ணு கூடச் சேத்து, ஒரு தொப்பியும் இனாம். கையில வச்சுப் பாத்தேன், நல்லா உக்காந்துச்சு. ஏண்டா இது இவ்வளவு மலிவுன்னேன். "ரொம்ப வருஷம் சுட்டுப் பழகறவங்களுக்கு இது தாங்காது வெர்லீன் அம்மா, நீங்க அலமாரியில வைக்கத்தானே போறீங்க, விலைக்கு இது நல்ல சாமான்"னான். நானும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஆபத்தில்லாத துப்பாக்கியாப் பாத்துக் குடுடான்னு. அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். அப்புறம் இதுவே அப்படித்தான்னு சொல்லி, எதையோ காட்டினான். என் கண்ணாடி வண்டியில இருந்துச்சு. சரி சரின்னு தலையாட்டிட்டேன்.

துப்பாக்கி மலிவுதான். அப்புறம் வந்த செலவக் கேளுங்க. அதுக்கு உறை வேணுமாம். காதுக்கு அடைப்பு வேணுமாம். குண்டு ஏத்தறதுக்கு மேல இழுக்கற பாகம் எனக்கு வரவே வரல, ஜாடி மூடி கூட அப்படி இறுக்கமா இருந்ததில்ல. அதனால கர்ட்டிஸே குண்டப் போட்டு, இழுத்து, எல்லாம் தயாராக் குடுத்தான். நான் அப்படியே கொண்டு வந்து சமையக்கட்டு இழுப்பறையில, பிடிதுணிக்கு நடுவுல வச்சேன். அப்புறம் நோரீன் சொல்றா, இதுக்குன்னே கைப்பை தனியா இருக்காம், பக்கவாட்டுல ரகசிய ஜிப்பு வச்சு. அதையும் தபால்ல வரவழைச்சேன்.

அந்தப் பார்சலத்தான் அந்த டெலிவரி வண்டிக்காரன் உங்க வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிட்டான். கண்ணு தெரியாத பய. எல்லாத்துக்கும் காரணம் அவன்தான்.

நீங்களும்தான் யோசிச்சுப் பாருங்க, தம்பி. மழை. இருட்டற நேரம். கோழிக் கம்பெனி வேலைக்குப் போற அவசரம், தலைக்கு மேல முக்காடு, வெள்ளை ரப்பர் பூட்ஸு. நான் சமையக்கட்டுல இழுப்பறைகிட்ட நின்னுக்கிட்டே டிவியில சத்தமா ஏலம் பாத்துட்டு இருக்கேன். திரும்பறேன், என் சமையக்கட்டுக்குள்ள ஒரு ஆளு. கையில ஒரு பெட்டி. நான் என்னத்தக் கண்டேன்? நீங்க யாரா இருந்தாலும் அழுத்தியிருப்பேன். அதுல நான் ஆள் பாக்கறவ இல்ல. எங்க பாதிரியாரே வந்திருந்தாலும் அழுத்தியிருப்பேன்.

ரெண்டு தடவை அழுத்தினேன்னு உங்க சம்சாரம் தபால்காரம்மாகிட்ட சொன்னாங்களாம். நெசந்தான். மொதல் தடவை பயத்துல. ரெண்டாவது தடவை, நீங்க "பார்சல்"னு சொன்னதுக்கு அப்புறம், அது பயம் இல்ல, தம்பி. ஏன் சுடலன்னு பாத்தேன்.

...ஆமா, உங்களப் பாத்துத்தான் பிடிச்சுட்டு இருந்தேன். திருப்பிப் பிடிச்சிருக்கலாம். அந்த நேரத்துல தோணல.

போலீஸக் கூப்பிடாம விட்டீங்களே, அது பெரிய மனசு. பெட்டிய மேசை மேல மெதுவா வச்சீங்க. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு. கதவ வேற சாத்திட்டுப் போனீங்க.

மறுநாள் காலைல மொத வேலையா கர்ட்டிஸ் கடைக்குப் போய்ப் பிடிச்சு உலுக்கிட்டேன். கடைல நாலஞ்சு பேர் இருந்தாங்க, நான் பாக்கல. "மலிவுன்னு குப்பையத் தலையில கட்டிட்டியேடா, நெசமாவே ஒரு திருடன் வந்திருந்தா இந்நேரம் நான் பொணம், பட்டாணியத்தான் ஏமாத்தினே, என்னையுமா"ன்னு கத்தினேன். அவன் துப்பாக்கிய வாங்கித் திருப்பிப் பாத்தான். பக்கவாட்டுல நகத்தளவுல ஒரு பொத்தான். அத ஒரு விரலால கீழ தள்ளினான். பின்பக்கம் மண்ணு நெரப்பின பீப்பாய் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போனான். ஏழு குண்டு, தம்பி. ஏழும் சுட்டுது. ஒண்ணு கூடத் தவறல.

"வெர்லீன் அம்மா, ஆபத்தில்லாததாக் கேட்டீங்களே, அதுக்குத்தான் இந்தப் பொத்தான் வச்சதாக் குடுத்தேன். தள்ளினாத்தான் சுடும்னு அன்னிக்கே காட்டினேனே"ங்கறான். சாமான்ல குத்தமே இல்லையாம். விலைக்கு இத விட நல்லது ஊர்லயே கெடையாதாம். அது அவன் சொன்னது சரிதான்.

அந்த மொத சத்தத்துலயே நான் தீவன மூட்டை மேல உக்காந்துட்டேன். ஒவ்வொரு தடவை அந்த மண்ணு தெறிக்கறப்பவும் அந்த வெள்ளை பூட்ஸுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. இத நான் யார்கிட்டயும் சொல்லல. நோரீன்கிட்ட கூட. சொன்னா பாட்டுக் குழுவுல பூரா பரவிடும்.

கர்ட்டிஸ் என்னடான்னா, பொத்தான் இல்லாததே இருக்கு, எடுத்து அழுத்தினாப் போதும், பழசத் திரும்ப எடுத்துக்கறேன், மேல கொஞ்சம் போட்டுக் குடுங்கங்கறான். வேண்டாம்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்... யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்.

இல்ல தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க மனசுல என்ன ஓடுதுன்னு தெரியுது. எதுக்கு இவ வீட்டுக்குள்ள சொல்லாமக் கொள்ளாமப் போனோம்னு நீங்களே உங்கள நொந்துக்கறீங்க. அப்படி நொந்துக்காதீங்க. நான் சொன்னேன்தான். வந்த அன்னிக்கே, நீங்க கட்டில எறக்கிட்டு இருந்தப்ப, இதே படியில நின்னுக்கிட்டு நான்தான் சொன்னேன். "கதவெல்லாம் தட்டிட்டு நிக்காதீங்க, டிவி சத்தத்துல எனக்குக் காதுல விழாது, பின்கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும், நேரா உள்ள வந்துடுங்க, அக்கம்பக்கம்னா அப்படித்தான்"னு சொன்னேன். உங்க பாப்பா கூட சிரிச்சா. நான் சொன்னதத்தான் நீங்க செஞ்சீங்க. போதுமா?

வண்டிக்காரனையும் ரொம்பத் திட்டறதுக்கு இல்ல.

சரி, அத விடுங்க. பாப்பா எங்க? குரலக் காணோம். கேக்குல அவளுக்குன்னே ஒரு ஓரத்துல சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். ஓ, கார்லயா? கண்ணாடி ஏத்தி இருக்கே, வேகாதா அவளுக்கு? உங்க சம்சாரமும் அங்கதான் இருக்காங்களா. நான் கைய ஆட்டறேன், அவங்க கவனிக்கல போலிருக்கு. சந்தைக்குக் கெளம்பறீங்களா?

இன்னும் பெட்டியெல்லாம் பிரிக்கலையா தம்பி நீங்க? வந்து ஒரு மாசம் ஆகப் போகுதே. சொல்லியிருந்தா நான் வந்து பாத்திரத்தையாவது அடுக்கிக் குடுத்திருப்பேன்... இந்த ஜன்னல்ல திரை மாட்டியிருந்தீங்களே, மஞ்சப் பூ போட்டது. அதக் காணோம். கட்டிலையும் கழட்டிட்டீங்க.

ஏத்தறீங்களா.

வாசல்ல நிக்கற அந்தப் பெரிய வண்டி உங்களுக்கு வந்ததா. நான் யாருக்கோ வந்திருக்குன்னு அதச் சுத்திக்கிட்டு வந்தேன்.

இல்ல, சொல்ல வேண்டாம். கேக்க மாட்டேன். கம்பெனிக்குப் பக்கமாவே வீடு கெடச்சிருக்கும். நல்லதுதான்.

நீங்க நம்புவீங்களோ என்னவோ. நீங்க குடிவந்த அன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுச் சமையக்கட்டு லைட்டு என் ஜன்னல்ல விழுந்துச்சு. உங்க சம்சாரம் பாத்திரம் கழுவிக்கிட்டு ஏதோ பாடிட்டு இருந்தாங்க, ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியல. டிவிய அணைச்சேன். கட்டில்ல போய்ப் படுத்தேன். காலைல எட்டு மணி வரைக்கும் தூங்கினேன், தம்பி. இழுப்பறையில அது இருக்கறதே எனக்கு மறந்து போச்சு. செவ்வாக்கிழமை அது கையில எப்படி வந்துச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியல.

தட்டத் திருப்பித் தர வேண்டாம். வச்சுக்குங்க. வழியில பாப்பாவுக்கு வெட்டிக் குடுங்க.

நான் போறேன். நீங்க ஏத்துங்க, மழை வர்ற மாதிரி இருக்கு... தம்பி, ஒண்ணே ஒண்ணு. கரண்டு இந்த மாசக் கடைசி வரைக்கும் உங்க பேர்லதானே இருக்கும்? கெளம்பறப்ப அந்தச் சமையக்கட்டு லைட்ட மட்டும் அணைக்காமப் போறீங்களா?