‘ஒன்பதாவது பீரியட்’ படத்தில் ஒரு ஜன்னல்

— சிரிக்காதே. இந்த இடத்துல யாரும் சிரிக்கக் கூடாது. இப்பதான் பேய் வரப்போகுது.

— பேயே நான்தானேடா கொட்டாவி! சிரிப்பு வந்தா நான் என்ன பண்ண? ஸ்கிரீன்ல பாரு, செத்துக் கிடக்கிற பையனோட வயிறு ஏறி இறங்குது.

— அது நான்தான். செத்த மாதிரி படுன்னாங்க. படுத்தேன், தூங்கிட்டேன். படம் எடுத்த என் மாமா ‘கட்’னு கத்தினதுகூடக் காதுல விழல.

— கிளாஸ்லயும் அதேதானே பண்ணுவே. ஆனா எங்க வீட்டு கேசட்ல இந்த வயிறு தெரியவே தெரியாதே.

— கேசட்ல எதுதான் தெரிஞ்சுது? காப்பிக்குக் காப்பி எடுத்த காப்பி. படம் பூரா கோடு கோடா மழை பெய்யும். இது நெகடிவ்லேர்ந்து நேரா எடுத்தது டாக்டரம்மா. மூடிப்போன ஃபிலிம் லேப் ஒண்ணுல, ஒழுகுற கூரைக்குக் கீழ கிடந்துச்சு. டப்பாவைத் திறந்தேன் பாரு, காடி நாத்தம் மண்டையைப் பிளந்துடுச்சு. அதைக் கழுவி, கிழிஞ்சதை ஒட்டி, ஒவ்வொரு கோடா அழிச்சு… இத்தனை வருஷமா ஊரார் படத்தையெல்லாம் துடைச்சுக் குடுத்திருக்கேன். மாமா எடுத்த படத்தைத் தொடும்போதுதான் ரெண்டு தடவை கை கழுவிட்டு வந்தேன்.

— உங்க மாமா உசுரோட இருந்து இதைப் பார்த்திருக்கணும்.

— பார்த்திருந்தா, கலர் சரியில்லடா தடியான்னு தலையிலயே குட்டியிருப்பார்.

— வயித்தை மட்டும் நிறுத்திட முடியாதா?

— முடியும். ஒரு மணி நேர வேலை. மனசு வரல. செத்தவன் மூச்சு விட்டாத்தான் அது மாமா படம்.

— இரு, இரு. இது நம்ம கெமிஸ்ட்ரி லேப்! அந்த உடைஞ்ச ஸ்டூல்கூட அப்படியே நிக்குது. மூஞ்சியில எனக்கு என்ன பூசினாங்க தெரியுமா? பவுடர்னு நினைச்சேன். சாக்பீஸ் தூள். ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் தும்மித் தும்மியே உசுரு போகும்.

— தும்மினாலும் ஷாட்ல நீ நின்னது நின்னதுதான்! விளக்கை அணைச்சா எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள உதறும். லீவு விட்ட ஸ்கூல், ராத்திரி, ஈ காக்கா கிடையாது. நீ மட்டும் நட்டுவெச்ச கம்பம் மாதிரி அசையாம நிப்பே. இவளுக்கு நிஜமாவே பேய்தான் பிடிச்சிருக்குன்னு பசங்க பேசிக்குவோம்.

— அசையக் கூடாதுன்னு உங்க மாமா சொன்னார், அசையல. அவ்வளவுதான். என்ன கதைடா அது! எட்டு பீரியடும் முடிஞ்சதும் வீட்டுக்கு ஓடிடணும். தப்பித்தவறி யாராவது உள்ள மாட்டிக்கிட்டா, இன்னொரு மணி அடிக்கும், பேய் வந்து பாடம் எடுக்கும். தப்பா பதில் சொன்னா கழுத்தைத் திருகும்.

— இப்ப பல்லைப் புடுங்குறே. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

— வாயை மூடுடா. ஆமா, ஒரு வாரம்கூட முழுசா ஓடாத படத்தை யாருடா டிஸ்க் போட்டு வாங்கப்போறாங்க?

— இருக்காங்க. இதுக்குன்னே கொஞ்சம் பைத்தியங்க இருக்கு. உன்னை இங்க வரச்சொன்னதே அதுக்காகத்தான். அடுத்த சீன் ஞாபகம் இருக்கா? நீ லேப் மேஜைக்குப் பின்னாலேர்ந்து எழுந்திருப்பியே?

— ஞாபகம் இருக்கு. மேஜையில தலை இடிச்சுக்கிட்டேன்.

— அந்த சீன்ல, உனக்குப் பின்னால ஜன்னல்ல சுண்ணாம்பை இழுத்துவிட்ட மாதிரி வெள்ளையா ஒரு தீத்தல் தெரியும், பழைய கேசட்லயே. அதுதான் நிஜப் பேய்னு அந்தப் பைத்தியங்க வருஷக்கணக்கா சத்தியம் பண்ணிட்டு இருக்கு. படத்துக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் புகழே அதால வந்ததுதான். டிஸ்க் போடுற கம்பெனிக்காரர் என்ன சொல்றார் தெரியுமா? அட்டையிலயே போட்டுடலாம், நிஜப் பேய் சிக்கின ஒரே படம்னு.

— அடக் கடவுளே. பேய் நடிச்ச என்னை ஒருத்தரும் கண்டுக்கல, அந்தத் தீத்தலுக்கு அட்டையில இடமா?

— கேளு. அப்ப வெளிச்சம் பூரா உன் மூஞ்சிமேல. ஜன்னல் பக்கம் கும்மிருட்டு. ஆனா நெகடிவ்ல இருட்டுக்குள்ளயும் விஷயம் இருக்கும். அந்த இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சமாக்கினேன். பார்த்தா தீத்தல் இல்ல. ஒரு ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறார். வாட்ச்மேனா, லைட் தூக்குற ஆளா, ஒண்ணும் புரியல. நாளைக்குக் காலைல டிஸ்க் அடிக்க அனுப்பணும். அழிக்கிறதா விடுறதான்னு உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு… இதோ, நிறுத்துறேன். நல்லாப் பாரு.

— முகம் சரியாத் தெரியலையே. இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு.

— இதுக்கு மேல போனா எல்லாம் புள்ளி புள்ளியாயிடும். கக்கத்துல ஃபிளாஸ்க் மாதிரி ஏதோ வெச்சிருக்கார், பாரு.

— அந்த ஸ்வெட்டர்.

— ஆமா, ஸ்வெட்டர்தான். அதுலதான் எனக்குச் சந்தேகம். ஒரு கை பச்சையா, இன்னொரு கை நீலமா வருது. நான்தான் கலரைக் கோட்டை விட்டுட்டேனோன்னு திரும்பத் திரும்ப… ஏய். என்னாச்சு? தண்ணி வேணுமா?

— நீ ஒண்ணும் கோட்டை விடல. அம்மா பின்னினது. பாதியில பச்சை நூல் தீர்ந்துபோச்சு. கடையில அந்த நிறம் மறுபடியும் கிடைக்கல. அதான் ஒரு கையை நீலத்துல முடிச்சா. உலகத்துலயே அப்படி ஒரு ஸ்வெட்டர்தான் இருந்துச்சு.

— உங்கப்பாவா?

— எங்கப்பா.

— அவர்தான் உன்கிட்ட முகம் குடுத்தே பேசலையே அப்ப? பொம்பளைப் பிள்ளை தலையை விரிச்சுப்போட்டுக்கிட்டு ஆடுறதான்னு உங்க வீட்ல பெரிய ரகளை ஆச்சே?

— ஷூட்டிங் நடந்த மாசம் பூரா ஒரு வார்த்தை பேசல. பம்ப் ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட்னு சொல்லிட்டு, சாயந்தரமே ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். அம்மாதான் என்னைக் கொண்டுவந்து விட்டுட்டு, தம்பி தனியா இருப்பான்னு வீட்டுக்கு ஓடுவா. படம் வந்தப்பவும் தியேட்டர் பக்கமே வரல. அந்தக் கண்றாவியை நான் பார்க்க மாட்டேன்னுட்டார்.

— அதுக்கப்புறம் உன்னை இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டாங்களே. மாமாவே சொன்னார், ஒத்துக்கச் சொல்லுடான்னு.

— நான்தான் வேணாம்னுட்டேன். அப்பா மறுபடியும் பேசாம இருந்துட்டா தாங்காதுன்னு. சரி, அதை விடு. போனை எடு. இல்ல, என் போன்லயே ஸ்பீக்கர்ல போடுறேன்.

— ஏய், இப்பவேவா? பெரியவர் தூங்கிட்டு இருக்கப்போறார்.

— சாயங்காலத்துல தூங்க மாட்டார். அப்பா? நான்தான்.

— மாத்திரை போட்டாச்சு, பாப்பா.

— அதுக்குக் கூப்பிடலப்பா. இங்க நம்ம கொட்டாவியோட ஆபீஸ்ல இருக்கேன். நான் ஸ்கூல்ல நடிச்சேனே, அந்தப் படம் பார்த்துட்டு இருக்கோம்.

— ஓ. அந்தக் கண்றாவியா?

— அதேதான். அதுல நீங்க இருக்கீங்க.

— நானா? நான் எங்க வந்தேன்? எனக்கு நைட் ஷிஃப்ட்.

— ஜன்னலுக்கு வெளியில நிக்கிறீங்க. ஒரு கை பச்சை, ஒரு கை நீலம்.

— அந்த ஸ்வெட்டரை எவனாவது கொடியிலேர்ந்து உருவிட்டுப் போயிருப்பான்.

— ஃபிளாஸ்க்கையும் சேர்த்தா?

— …பக்கத்துல யாரு, அந்தப் பையனா சிரிக்கிறான்? அவன்கிட்ட அதை அழிச்சுடச் சொல்லு. மிஷின்ல அழிக்கலாமாமே இப்பல்லாம். அவன் மாமன் ராப்பகலா நின்னு எடுத்தான் பாவம். படத்துக்குள்ள சம்பந்தமில்லாத ஆள் நின்னா நல்லாவா இருக்கும்?

— அழிக்கிறதெல்லாம் அப்புறம். ஒரு நாள் மட்டும் வந்தீங்களா, தினமுமா?

— தினமும்தான்.

— என்கிட்ட ஏன்பா சொல்லல? நான் நடிச்சது உங்களுக்குப் பிடிக்கலன்னுதானே இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருக்கேன்?

— பிடிக்கலதான். இப்பவும் பிடிக்கல.

— அப்புறம் எதுக்கு அங்க வந்து நின்னீங்க?

— பெரிய பேயாம், பேயி! வீட்டுக்குள்ள இருக்கிற பாத்ரூமுக்குப் போகவே துணைக்கு என்னை எழுப்பினவ நீ. அங்க எல்லா விளக்கையும் அணைச்சுட்டா என் பிள்ளை என்ன பண்ணும்னு வந்து நின்னேன்.